அடி அண்ணாமலையில் ஓடிக்கிட்டிருந்த மோட்டார்

போன மாசம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு அப்பதான் கண்ணை மூடினேன், நித்யா போன் பண்ணா. நான் ரிட்டயர் ஆனப்போ என் நாற்காலியில வந்து உக்காந்த பொண்ணு. மின்சார ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பிரிவு. நல்ல மூளைக்காரி. ஆனா மத்தியானத் தூக்கம்னு ஒண்ணு உலகத்துல இருக்குன்னு அவளுக்கு இன்னும் தெரியல.

"மேடம், டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?"

"பண்ணிட்ட. சொல்லு."

"நம்ம பழைய சாஃப்ட்வேரை மாத்தறாங்க மேடம். புதுசா எழுதற கம்பெனிக்காரங்க உள்ள பிரிச்சுப் பாத்துட்டு ஒரு சந்தேகம் கேக்கறாங்க. ஒரு லைன்ல கரண்ட் இருக்கா இல்லியான்னு கேட்டா, நம்மது 'இருக்கு', 'இல்ல'ன்னு சொல்றதோட நிக்காம மூணாவதா 'தெரியாது'ன்னு ஒரு பதிலும் சொல்லுதாம். அது எதுக்கு, எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. மேலிடத்துக்குப் போற படத்துல பச்சை, சிகப்பு ரெண்டு கலர் இருந்தா போதுமாம்."

எனக்குத் தூக்கம் போன இடம் தெரியல. "எடுக்கக் கூடாதுன்னு சொல்லு"ன்னேன்.

"ஏன்னு கேப்பாங்களே மேடம். எனக்கே தெரியாதே."

அவ சொன்னதும் சரிதான். அந்த மூணாவது பதில் எப்படி வந்துச்சுன்னு எங்கயும் எழுதி வெக்கல. தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆகிட்டோம். அன்னைக்கு அவளுக்கு அவசரமா ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஆனா அந்த ஒரு பக்கத்துல எனக்கு மனசு ஆறல. அதனால முழுசா சொல்றேன்.

எங்களுது போளூர் பக்கம் விவசாயக் குடும்பம். எலக்ட்ரிக்கல்ல டிப்ளமோ படிச்சேன், வேலை கிடைச்சுது, வந்தேன். கம்ப்யூட்டர் கத்துக்க ஒரு ஆளை மெட்ராசுக்கு அனுப்பணும்னு உத்தரவு வந்தப்போ ஆபீஸ்ல ஆம்பளைங்க எல்லாருக்கும் திடீர்னு முதுகுவலி வந்துச்சு. எனக்கு வரல, போனேன். படிப்பைப் பத்தி சொல்ல இவ்வளவுதான் இருக்கு. அங்க கத்துக்கிட்டதுல பாதியை மறந்துட்டேன், மீதி பாதி காலாவதி ஆயிடுச்சு.

ஒண்ணு மட்டும் மறக்கல. வெளி உலகத்துல இருக்கிற ஒரு விஷயத்தை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போகணும்னா முதல்ல அதுக்கு ஒரு உருவம் குடுக்கணும். எங்களுக்கு சொல்லிக் குடுத்த உருவம் தலைகீழா நிக்கிற மரம். மேல ஒண்ணு, அதுக்குக் கீழ சிலது, அது ஒவ்வொண்ணுக்கும் கீழ இன்னும் பலது. கீழ எத்தனை வேணா இருக்கலாம். ஆனா எதுக்கும் மேல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். சர்க்கார் ஆபீஸ்ல சம்பளம் வாங்கினவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். எனக்கு மேல ஒரு அதிகாரி, அவருக்கு மேல ஒரு அதிகாரி, அப்படியே போய்க்கிட்டே இருக்கும்.

கரண்டும் பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கு. சப்ஸ்டேஷன்ல இருந்து பெரிய லைன் கிளம்பும், அதை ஃபீடர்னு சொல்லுவோம். ஃபீடருக்குக் கீழ தெருத்தெருவா டிரான்ஸ்பார்மருங்க. டிரான்ஸ்பார்மருக்குக் கீழ வீடு, கடை, லாட்ஜ், வயக்காட்டு மோட்டார் எல்லாம். ஊரு முழுக்க இருக்கிற இந்தக் கம்பியை எல்லாம் ஒரு மரமா கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு வேலை எங்க தலையில விழுந்துச்சு. தலையில கட்டினவர் ஜெயச்சந்திரன் சார்.

ஜெயச்சந்திரன் சார் எங்க செயற்பொறியாளர். உயரமா, ஒல்லியா, முழுக்கை சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டு இருப்பார், சித்திரை மாசத்துலயும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்ல. மெதுவாப் பேசியே ஆளை நடுங்க வெப்பார். போன வருஷ காலண்டர் தாளுங்களை கிழிச்சு அடுக்கி வெச்சிருப்பார், அதோட பின்பக்கம்தான் படம் போடுவார். ஒரு பென்சில், ஒரு ரப்பர். உக்காந்துக்கிட்டு படம் போட மாட்டார், மேஜை மேல குனிஞ்சு நின்னுக்கிட்டேதான். பேனாவால போட்டா தப்பு பண்றதுக்கு பயம் வரும், பயம் வந்தா யோசனை நின்னுடும்னு சொல்லுவார்.

அவருக்கு ஒரே கேள்விதான். நாங்க ஒரு டிரான்ஸ்பார்மரைப் படத்துல சேத்தோம்னா பென்சிலால அதைத் தட்டுவார்.

"இதுக்கு மேல யாரு?"

சொல்லணும். சொன்னா அதையும் தட்டுவார். "இதுக்கு மேல?" இப்படியே சப்ஸ்டேஷன் வரைக்கும் ஏறுவார். எங்கயாவது தடுமாறினோம்னா அந்தத் தாளை மடிச்சு நம்ம கையிலயே குடுத்துடுவார். திட்டு எதுவும் இல்ல. நாம அந்தத் தெருவுக்குப் போய் அண்ணாந்து பாத்துக் கம்பியைத் தொடர்ந்து நடந்து விடையோட வரணும். இப்படி நடந்து நடந்தே இந்த ஊர்ல எந்தத் தெருவுல எந்த நாய் கடிக்கும்னு எனக்கு அத்துப்படி ஆயிடுச்சு.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மரம் நல்லாவே வேலை செஞ்சுது. ரமணாசிரமம் பக்கம் ஒரு லாட்ஜ்ல கரண்ட் இல்லன்னு போன் வந்தா முன்னாடி எல்லாம் ஆளுங்க அரை நாள் தேடுவாங்க. இப்போ பேரைத் தட்டினா எந்த டிரான்ஸ்பார்மர், எந்த ஃபீடர்னு வந்து நிக்கும். பக்கத்து லாட்ஜும் அதே டிரான்ஸ்பார்மர்தான், அங்க கரண்ட் இருக்கா, அப்போ கோளாறு இந்த வீட்டு ஒயர்லதான்னு உக்காந்த இடத்துலயே சொல்லிடலாம். பாக்க வந்த அதிகாரிங்க எல்லாம் ஆச்சரியப்பட்டாங்க. எனக்கும் ஒரு கர்வம் இருந்துச்சு, இல்லாம என்ன.

ஒரே ஒரு இடத்துல மட்டும் அந்த மரம் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுதான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமம், அடி அண்ணாமலை.

நம்ம ஊரு அமைப்பு அப்படி. மலை நடுவுல இருக்கு, கிரிவலப் பாதை அதைச் சுத்தி வருது, பாதையோடவே லைனும் சுத்தி வருது. செங்கம் ரோட்டு சப்ஸ்டேஷன்ல இருந்து ஒரு லைன் ரமணாசிரமத்தைத் தாண்டி தெற்குப் பக்கமா வரும். வேங்கிக்கால் சப்ஸ்டேஷன்ல இருந்து ஒரு லைன் வடக்குப் பக்கமா வரும். ரெண்டும் அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு கம்பத்துல எதிரெதிரே வந்து நிக்கும். அந்தக் கம்பத்து உச்சியில ஒரு சுவிட்ச். கீழ இருக்கிற கைப்பிடியைப் புடிச்சு இழுத்தா ரெண்டு லைனும் சேந்துடும். சாதாரண நாள்ல அதைத் திறந்தே வெச்சிருப்போம், அடி அண்ணாமலைக்கு கரண்ட் செங்கம் ரோட்டுல இருந்து வரும்.

பௌர்ணமி வந்தா கதை வேற, மலை சுத்த கூட்டம் குவியும். செங்கம் ரோட்டுப் பக்கம் லாட்ஜ், ஓட்டல், ஜூஸ் கடை, சீரியல் லைட்டுன்னு லோடு ஜாஸ்தி ஆயிடும், ஃபீடர் தாங்காது. அதனால அன்னைக்கு அடி அண்ணாமலையை அந்தப் பக்கம் கழட்டிட்டு, அந்தக் கம்பத்து சுவிட்ச்சைப் போட்டு, வேங்கிக்கால் பக்கம் மாத்தி விட்டுடுவாங்க. கூட்டம் கலைஞ்ச பிறகு யாராவது சாவகாசமா பழையபடி திருப்புவாங்க. பல வருஷப் பழக்கம் இது. எந்த உத்தரவுலயும் இல்ல, எல்லாருக்கும் தெரியும்.

நான் படத்துல அந்த சுவிட்ச்சைப் புள்ளிப் புள்ளியா ஒரு கோடு போட்டுக் காட்டியிருந்தேன். ஜெயச்சந்திரன் சார் பென்சிலால தட்டினார்.

"இது என்ன?"

"பௌர்ணமிக்குப் போடற சுவிட்ச் சார். அன்னைக்கு அடி அண்ணாமலைக்கு மேல வேங்கிக்கால் வந்துடும்."

"மாசத்துல மத்த நாள் எல்லாம்?"

"செங்கம் ரோடு சார்."

"அப்போ செங்கம் ரோடுதான் மேல. ரெண்டு மேலதிகாரி இருக்கிற ஆளு எந்த வேலையும் உருப்படியா செய்ய மாட்டான் புவனா." ரப்பரை எடுத்தார், அந்தக் கோட்டை அழிச்சார், தூளை ஊதினார். படம் சுத்தமா இருந்துச்சு. அவருக்குப் படம் சுத்தமா இருக்கணும்.

நான் ரெண்டாவது தடவையும் சொன்னேன். சாஃப்ட்வேர்ல எதுக்கும் ரெண்டு தலை வெக்க இடமில்ல, வெச்சா எல்லா ரிப்போர்ட்டும் ரெண்டு ரெண்டா எண்ணும்னு அவர் சொன்னார். அதுவும் பொய்யில்ல. அதுக்கு மேல எனக்கு வாதாடத் தெரியல.

அடுத்ததா அந்த மரத்தை எல்.சி. குடுக்கறதுக்கும் உபயோகப்படுத்தலாம்னு முடிவாச்சு. எல்.சி.ன்னா லைன் கிளியர். கம்பத்துல ஏறி வேலை செய்யப் போற லைன்மேன் சப்ஸ்டேஷனைக் கேக்கணும். சப்ஸ்டேஷன்ல ஃபீடரை நிறுத்தி, பூட்டி, யார் பேருல நிறுத்தினோம்னு எழுதி, "கரண்ட் இல்ல, ஏறலாம்"னு எல்.சி. குடுக்கணும். லைன்மேன் ஏறி, எர்த் ராடுன்னு ஒரு கம்பியை லைன்ல மாட்டி அதை பூமியோட சேத்துட்டு, அப்புறம்தான் கை வெக்கணும். வேலை முடிஞ்சதும் ஆள் எல்லாம் கீழ எறங்கியாச்சு, ராடு எடுத்தாச்சு, லைன் போடலாம்னு சொல்லி எல்.சி.யைத் திருப்பிக் குடுக்கணும். குடுத்தவர் குரலும் வாங்கினவர் குரலும் ஒருத்தருக்கொருத்தர் பழகின குரலா இருக்கணும், அது எங்க தொழில்ல பெரிய விஷயம்.

பழைய முறையில இதுக்கு நடுவுல இன்னொரு போன் இருந்துச்சு. எல்.சி. குடுக்கறவர் பக்கத்து சப்ஸ்டேஷனுக்குப் பேசி, "உங்க பக்கத்துல இருந்து ஏதாவது வருதா?"ன்னு கேப்பார். சாஃப்ட்வேர் வந்த பிறகு அந்த போனை நிறுத்திட்டாங்க. ஃபீடரை நிறுத்தினோம்னு தட்டினா, அதுக்குக் கீழ இருக்கிற எல்லாம் பச்சையா மாறி, எங்கெங்க ஏறலாம்னு கம்ப்யூட்டரே காட்டிடுதே, அப்புறம் எதுக்கு இன்னொருத்தரைத் தொந்தரவு பண்ணணும்னு எல்லாருக்கும் தோணிடுச்சு.

இந்தப் புது முறை வந்த பிறகு முதல் பௌர்ணமி. மறுநாள் காலையில என்னை அடி அண்ணாமலைக்கு அனுப்பினார் ஜெயச்சந்திரன் சார். அங்க இருக்கிற டிரான்ஸ்பார்மருங்க எல்லாம் படத்துல இருக்கிறபடியே இருக்கான்னு சரி பாக்கறதுக்கு. அதே காலையில அங்க ஒரு கம்பத்துல கம்பியைத் தாங்கற பீங்கான் வெடிச்சிருக்குன்னு புகார் வந்து, ஏழுமலை வேலைக்கு வந்திருந்தார்.

ஏழுமலை செங்கம் ரோட்டுப் பக்கத்து லைன்மேன். கம்பத்துல ஏறும்போது பேசிக்கிட்டே ஏறுவார், எறங்கும்போது பாட்டு. என்னைப் பாத்ததும், "இன்னா மேடம், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு காட்டுக்கே வந்துட்டீங்க?"ன்னார். கையில இருந்த தாளைக் காட்டினேன். "சப்ஸ்டேஷன்ல கேட்டுட்டேன், ஃபீடரை நிறுத்திட்டாங்க, கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையாதான் இருக்காம், எல்.சி. வாங்கியாச்சு"ன்னு சொல்லிட்டு பெல்ட்டைக் கட்ட ஆரம்பிச்சார். அவர் முந்தின நாள் முழுக்க கோயில் பக்கம் டியூட்டி. சுவிட்ச்சை மாத்தினது வேங்கிக்கால் ஆளுங்க. திருப்பியிருப்பாங்கன்னு அவர் நெனச்சதுல தப்பு சொல்ல முடியாது, கம்ப்யூட்டரும் அதையேதான் சொல்லுது.

நான் டிரான்ஸ்பார்மர் நம்பரைப் பாத்துக்கிட்டே வரப்பு மேல நடந்து போனேன். பாதையில ராத்திரி நடந்த கூட்டம் போட்டுட்டுப் போன குப்பையைப் பெருக்கிக்கிட்டிருந்தாங்க. நல்ல வெயில். ஒரு சம்பங்கித் தோட்டத்துல தொட்டி நெறைய தண்ணி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு அம்மா பூ கிள்ளிக்கிட்டு இருந்தாங்க. "மூஞ்சி கழுவிக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "தாராளமா கழுவிக்கம்மா"ன்னாங்க. குழாயில கையை நீட்டி, மூஞ்சியில அடிச்சு, ரெண்டு கை குடிச்சும் பாத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு. புடவைத் தலைப்புல துடைச்சுக்கிட்டு நிமிர்ந்தேன்.

அப்பதான் உறைச்சுது. என் கையில இருக்கிற தாள்படி இந்தத் தோட்டத்து டிரான்ஸ்பார்மரும் செங்கம் ரோட்டு ஃபீடருக்குக் கீழதான், அதை நிறுத்தியாச்சு, அதனால இதுவும் பச்சை. பச்சைன்னா இங்க கரண்ட் இல்ல. கரண்ட் இல்லன்னா இந்தத் தண்ணி எங்க இருந்து வருது?

"டீசல் எஞ்சினாம்மா?"

"இல்லம்மா, கரண்ட் மோட்டாருதான். காலையில இருந்து ஓடுது."

ஒரு வீட்டுல ஃபேன் சுத்தினா இன்வெர்ட்டர்னு நெனச்சுக்கலாம். வயக்காட்டு மோட்டாரை எந்த இன்வெர்ட்டரும் ஓட்டாது. லைன்ல கரண்ட் இருக்கு. ஏழுமலை அதே லைன்ல ஏறிக்கிட்டிருக்கார்.

செருப்பு எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வரப்புல ஓடினேன், ஓடற வயசும் இல்ல, ஓடற உடம்பும் இல்ல. போன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, அவர் போனை வண்டி டப்பாவுல வெச்சுட்டுத்தான் ஏறுவார். தூரத்துல கம்பம் தெரிஞ்சுது. ஏழுமலை உச்சிக்குக் கொஞ்சம் கீழ நின்னு எர்த் ராடைக் கையில எடுக்கறார். கரண்ட் ஓடற லைன்ல அதைக் கொண்டு போனா வெடிக்கும். ஆளு பொழைக்கிறது கஷ்டம், பொழைச்சா கையும் கண்ணும் மிஞ்சறது அதைவிட கஷ்டம்.

"ஏழுமலை, கையை வெக்காத!"

கத்தினேனே ஒழிய அது என் குரல் மாதிரியே இல்ல. பெருக்கிக்கிட்டிருந்தவங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. ஏழுமலையும் நின்னார். ராடை உடம்போட சேத்துப் புடிச்சுக்கிட்டு கீழ பாத்தார்.

"எல்.சி. வாங்கிட்டேன் மேடம்!"

"எல்.சி. பொய்! எறங்கு!"

இத்தனை வருஷத்துல அவரை நான் ஒருமையில கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். ஒரு நிமிஷம் என்னைப் பாத்தார், தலைக்கு மேல இருக்கிற கம்பியைப் பாத்தார். அப்புறம் எறங்க ஆரம்பிச்சார். அன்னைக்குப் பாட்டு இல்ல. அவர் ஒவ்வொரு அடியா எறங்கறதைப் பாத்துக்கிட்டு நான் கம்பத்தடியிலயே நின்னேன். கால் தரையில பட்டதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. நடு ரோட்டுல நின்னு அழுதேன். வெக்கமா எல்லாம் இல்ல.

வேங்கிக்கால் சப்ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். "அடி அண்ணாமலை உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா மேடம், நேத்துல இருந்து எங்ககிட்டதான். திருப்பச் சொல்லி யாரும் இன்னும் கேக்கலியே."

அவர் எவ்வளவு சாதாரணமா சொன்னார் தெரியுமா. அவர் மேல தப்பே இல்ல. முன்னாடி எல்லாம் அந்தக் கேள்வி தானா போன்ல அவர்கிட்ட வரும். இப்போ கேக்க ஆளில்ல.

டீக்கடையில ஏழுமலைக்கு டீ வாங்கிக் குடுத்தேன். பாதி டீயைக் குடிச்சார். அப்புறம், "காலையில பொண்டாட்டியோட சண்டை மேடம். சமாதானம் பண்ணாமலே வந்துட்டேன். அப்படியே போய்ச் சேந்திருந்தேன்னா, மேல வந்தும் விட்டிருக்க மாட்டா"ன்னார். நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சார். சிரிச்சு முடிச்சு ரெண்டு பேரும் வேற வேற பக்கம் பாத்துக்கிட்டோம்.

சேதி கேட்டு ஜெயச்சந்திரன் சார் ஜீப்புல வந்து எறங்கினார். எறங்கும்போதே, "ஆள் எங்க?"ன்னார். ஏழுமலை எழுந்து நின்னார். சார் கிட்ட வந்து அவர் ரெண்டு கையையும் எடுத்து, புரட்டிப் பாத்தார், டாக்டர் பாக்கற மாதிரி. பாத்துட்டு விட்டார். அப்புறம் தோட்டத்துப் பக்கம் நடந்தார், நானும் பின்னாலயே வெறுங்காலோட போனேன். தண்ணி இன்னும் கொட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. குனிஞ்சு அதுல கையை நீட்டிப் பாத்தார்.

"அந்தப் புள்ளிக்கோட்டை நான்தான அழிச்சேன்?"

"ஆமா சார்."

பரவாயில்ல சார்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அவரும் அதை எதிர்பாக்கல. "வா, ஆபீசுக்குப் போவோம்"னு மட்டும் சொன்னார்.

அன்னைக்கு மத்தியானமே எல்லா சப்ஸ்டேஷனுக்கும் அவர் கையால எழுதி அனுப்பின உத்தரவு போச்சு. பக்கத்து சப்ஸ்டேஷனைக் கேக்காம எல்.சி. குடுக்கக் கூடாது. அப்புறம் புதுசா ஒரு காலண்டர் தாளை விரிச்சோம். சுவிட்ச்சுக்கு மேல யாரு கீழ யாருன்னு முன்கூட்டியே எழுதி வெக்கிறதையே விட்டுட்டோம். எந்த சுவிட்ச்சுக்கும் ரெண்டு முனை இருக்கு, அது இப்போ போட்டிருக்கா திறந்திருக்கா, அவ்வளவுதான் கம்ப்யூட்டருக்கு நாங்க சொல்லுவோம். யாருக்கு யார் மேலங்கிறதை கேக்கும்போது கேக்கும்போது அது புதுசா நடந்து போய்க் கண்டுபுடிக்கணும், நான் தெருத்தெருவா அண்ணாந்து பாத்துக்கிட்டு நடந்த மாதிரி. மரம் போயிடல. ஆனா பௌர்ணமிக்கு ஒரு மரம், மறுநாளைக்கு ஒரு மரம்.

இதுலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. சுவிட்ச்சை மாத்தினவங்க கம்ப்யூட்டர்ல சொல்ல மறந்துட்டா? அப்போ அது மறுபடியும் தைரியமா பொய் சொல்லும். அதுக்குத்தான் அந்த மூணாவது பதில். ஒரு பௌர்ணமி தாண்டிடுச்சு, அந்த சுவிட்ச்சை நேர்ல பாத்தேன்னு யாரும் இன்னும் பதிவு பண்ணலன்னா, அதோட சேந்த எந்த லைனுக்கும் பச்சை வராது. சாம்பல் கலர் வரும். தெரியாது, போய்க் கேளுன்னு அர்த்தம்.

மேலிடத்துல இருந்து வந்த அதிகாரி ஒருத்தர் இதைப் பாத்துட்டு நக்கலா கேட்டார். "இவ்வளவு செலவு பண்ணி செஞ்ச சாஃப்ட்வேர் தெரியாதுன்னு சொல்லுதே. இதைச் சொல்ல சாஃப்ட்வேர் எதுக்கு?"

ஜெயச்சந்திரன் சார் சட்டைக் கைப் பட்டனைச் சரி பண்ணிக்கிட்டு, அதே மெதுவான குரல்ல சொன்னார். "தெரியாததைத் தெரியும்னு அது ஒரு தடவை சொல்லுச்சு சார். நான் சொல்ல வெச்சேன். என் ஆளு பொழைச்சது ஒரு மோட்டார் ஓடினதால. எல்லாக் கம்பத்துக்கும் பக்கத்துல மோட்டார் இருக்காது." அந்த அதிகாரி கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்.

அதுக்கப்புறம் ஜெயச்சந்திரன் சார் ரிட்டயர் ஆகற வரைக்கும் படத்தைத் தட்டிக் கேள்வி கேக்கறதை விடல. ஒரே ஒரு வார்த்தை மட்டும் கூட சேத்துக்கிட்டார். "இப்போ, இதுக்கு மேல யாரு?"

ஏழுமலைக்கும் ஒரு பழக்கம் வந்துச்சு. மலை சுத்துற லைன்ல எங்க வேலை செஞ்சாலும், எல்.சி.யை முறையா சப்ஸ்டேஷன்ல திருப்பிக் குடுத்துட்டு, அப்புறம் எனக்கு ஒரு போன். "மேடம், ஏழுமலை. எறங்கிட்டேன்." வெச்சுடுவார். எனக்கு அதுல எந்த வேலையும் இல்ல, என்கிட்ட சொல்லணும்னு எந்த சட்டமும் இல்ல. "என்னங்க, என்னை சப்ஸ்டேஷன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"ன்னு ஒரு நாள் கிண்டல் பண்ணேன். "சொன்னாதான் எறங்கின மாதிரி இருக்கு மேடம்"னார். அப்புறம் நான் கிண்டல் பண்றதை விட்டுட்டேன். அவர் மலைப் பக்கம் வேலைக்குப் போறார்னு தெரிஞ்ச நாள்ல அந்த போன் வர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்காது. மீட்டிங்ல இருந்தாலும் எடுப்பேன். அதுக்காக ரெண்டு மூணு பேர்கிட்ட திட்டும் வாங்கியிருக்கேன்.

இதைத்தான் நித்யாவுக்கு எழுதினேன், சுருக்கமா. அவ பதில் போடல. ஒரு வாரம் எனக்கு இருப்புக் கொள்ளல. ரிட்டயர் ஆன ஆளு சொல்லி எவன் கேக்கப் போறான், பச்சையும் சிகப்பும் போதும்னு எடுத்துட்டுத்தான் இருப்பாங்கன்னு நானே முடிவு கட்டிட்டேன். சோத்துல கை வெச்சா புள்ளிக்கோடு ஞாபகம் வருது.

பௌர்ணமிக்கு மறுநாள் அவ போன் வந்துச்சு. இந்தத் தடவை காலையில. பின்னால காத்து சத்தம்.

"மேடம், அடி அண்ணாமலையில இருக்கேன். கம்பெனிக்காரங்களையும் கூட்டிக்கிட்டு வந்தேன். சுவிட்ச் கம்பத்துக்குக் கீழதான் நிக்கிறோம். இன்னும் திருப்பல. வேங்கிக்கால் பக்கமே இருக்கு. அவங்க புதுசா எழுதினது செங்கம் ரோட்டை நிறுத்தினா இங்க ஏறலாம்னு பச்சை காட்டுது."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"சும்மா மேல பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. சாம்பல் கலரை வெச்சுடறோம்னு சொல்லிட்டாங்க. நான் எழுதியும் வாங்கிட்டேன்."

அப்பாடான்னு இருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா, போனை வெச்சுட்டு சமையல்கட்டுல உக்காந்து அன்னைக்குத்தான் நிம்மதியா சாப்பிட்டேன். ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு வண்டியில ஏத்தி அனுப்பினாங்க. வேலை முடிஞ்சுதுன்னு அன்னைக்குத் தோணல. இப்போ தோணுச்சு.

அன்னைக்கு சாயங்காலமே இன்னொரு போன். ஏழுமலை. அவர் இப்போ ஃபோர்மேன், கம்பத்துல ஏற வேண்டிய அவசியம் இல்ல, தலையும் நரைச்சாச்சு. அந்த மாசக் கடைசியோட அவருக்கும் ரிட்டயர்மென்ட்டுன்னு கேள்விப்பட்டிருந்தேன். கூட இருந்தவங்க வேணாம் வேணாம்னு சொல்லியும், கடைசியா ஒரு தடவைன்னு அடி அண்ணாமலைக் கம்பத்துல ஏறி சுவிட்ச்சைச் சுத்தம் பண்ணிட்டு வந்திருக்கார். மூச்சு வாங்கறது போன்லயே கேட்டுச்சு.

"மேடம், ஏழுமலை."

"சொல்லுங்க."

"எறங்கிட்டேன்."

எப்பவும் அதோட வெச்சுடுவார். இந்தத் தடவை வெக்கல. நானும் வெக்கல. அவர் பாட ஆரம்பிச்சார், மெதுவா, கம்பத்துல இருந்து எறங்கும்போது பாடற அதே பாட்டு. முடியற வரைக்கும் கேட்டேன்.